அறுபது என்னும் முட்டுக்கட்டை

அமெரிக்க செனட்டில் 100 பேர். ஒரு மசோதா நிறைவேற 51 வாக்கு போதும். ஆனால், பெரும்பாலான மசோதாக்கள் மீது விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் இசைய வேண்டும். ‘ஃபிலிபஸ்டர்’ எனப்படும் இந்தத் தடையை ஜனநாயகத்தின் அரண் என்று இரு கட்சிகளிலும் பலர் போற்றுகிறார்கள். எதிர்வரிசையில் உட்காரும்போது இன்னும் உரக்கப் போற்றுகிறார்கள். அவர்கள் அடுக்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ‘நாட்டை நிறுவியவர்கள் செய்த ஏற்பாடு இது.’

அரசியல் சாசனத்தில் இப்படியொரு விதியே கிடையாது. ஒப்பந்தங்களை ஏற்பதற்கும், அதிபரின் வீட்டோவை முறியடிப்பதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று தெளிவாக எழுதியவர்கள், சாதாரணச் சட்டங்களுக்கு அப்படி எதுவும் எழுதவில்லை. சாசனத்துக்கு முந்தைய கூட்டமைப்பில் முக்கிய முடிவுகளுக்கு 13 மாநிலங்களில் 9 சம்மதிக்க வேண்டியிருந்தது. அதில் பட்ட அவதி அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. 1806இல் செனட் தன் விதிகளைத் திருத்தியபோது, விவாதத்தை முடிக்க உதவக்கூடிய ஒரு விதி நீங்கியது. அந்த ஓட்டை வழியாகத்தான் ஃபிலிபஸ்டர் பின்னாளில் நுழைந்தது. 60 என்ற கணக்கு வந்ததோ 1975இல்.

2. ‘சிறுபான்மையினருக்கு இது பாதுகாப்பு.’

எந்தச் சிறுபான்மையினருக்கு? அவையில் எண்ணிக்கை குறைந்தவர்கள் வேறு, நாட்டில் நசுக்கப்பட்டவர்கள் வேறு. கறுப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொல்வதைத் தடுக்க வந்த டையர் மசோதா 1922இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் தென்மாநிலத்தவர்கள் இந்த ஆயுதத்தால் அதை வீழ்த்தினார்கள். அப்படியொரு தேசியச் சட்டம் வர 2022 ஆயிற்று. 1957இல் சிவில் உரிமை மசோதாவுக்கு எதிராக செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். காக்கப்பட்டது யார் என்பதை இந்த வரலாறே சொல்லும்.

3. ‘இரு தரப்பையும் இது சமரசத்துக்கு இழுத்துவரும்.’

2012இல் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சினும் குடியரசுக் கட்சியின் பாட் டூமியும் சேர்ந்தே, துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சமரசம் என்றால் இதுதானே? 54 பேர் ஆதரித்தார்கள்; 60 கிடைக்காததால் தோற்றது. இன்று முட்டுக்கட்டை போட யாரும் மணிக்கணக்கில் நின்று பேசவும் வேண்டாம். எதிர்ப்பைத் தெரிவித்தாலே வேலை முடிந்தது. சிரமமே இல்லாமல் தடுக்க முடிகிறவர் எதற்காக இறங்கிவர வேண்டும்?

4. ‘இது போனால் ஆட்சி மாறும்போதெல்லாம் சட்டங்கள் தலைகீழாகும்.’

இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? செனட் முடங்கிக் கிடப்பதால் அதிபர்கள் ஆணை போட்டே ஆள்கிறார்கள். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் ஒபாமா அமெரிக்காவைச் சேர்த்தார், ட்ரம்ப் விலக்கினார், பைடன் மறுபடி சேர்த்தார், ட்ரம்ப் மறுபடி விலக ஆணையிட்டார். மேலும், பல பெரிய விஷயங்களுக்கு ஏற்கெனவே 60 தேவையில்லை. ஆயுட்காலப் பதவியான உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 2017இலிருந்து சாதாரணப் பெரும்பான்மை போதும். வரி, பட்ஜெட்டுக்குத் தனிக் குறுக்குவழி உண்டு. 2025 ஜூலையில் ட்ரம்பின் பெரும் வரிச் சட்டம் துணை அதிபர் வான்ஸின் வாக்கோடு 51–50 என்று தேறியது. வாக்குரிமை, துப்பாக்கி, குடியேற்றம் போன்றவைதான் இன்னும் வாசலில் நிற்கின்றன.

5. ‘ட்ரம்ப் போன்றவருக்குக் கடிவாளம் வேண்டாமா?’

வலுவான வாதம்தான். 2025 இலையுதிர் காலத்தில் ஜனநாயகக் கட்சியினர் இதை வைத்தே நிதி மசோதாவை நிறுத்தினார்கள். அரசு 43 நாள் முடங்கியது. ஆனால், அவர்கள் கேட்ட மருத்துவக் காப்பீட்டு மானிய நீட்டிப்பு கிடைக்கவில்லை. அது குறித்து வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதிதான் கிடைத்தது. இதே கட்சியினர்தாம் 2022 ஜனவரியில் ஃபிலிபஸ்டர் விதியைத் தளர்த்த முயன்றவர்கள்.

மக்கள் குறைந்த வயோமிங்குக்கும் மக்கள் மிகுந்த கலிஃபோர்னியாவுக்கும் தலா இரண்டே இடம் தரும் செனட்டில் சிறிய மாநிலங்களின் கை ஏற்கெனவே ஓங்கித்தான் இருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு பூட்டு தேவையில்லை. தடுக்க நினைப்பவர் அவையில் நின்று பேசட்டும். பேச்சு ஓய்ந்ததும் 51 பேர் முடிவெடுக்கட்டும். அந்த முடிவு தவறாக இருந்தால், தண்டிக்க வாக்காளர்கள் இருக்கிறார்கள்.