பென்சிலுக்கு முன்னால் வாழைநார்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். மாதுளம்பூ அதற்கு அலகு, மரவள்ளி இலை உடல். நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும் இறக்கையாகும்; வெள்ளரளியும் செவ்வரளியும் வாலாகும். கண்ணுக்குக் காக்காப்பொன். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது வாழைநார். கிள்ளுவது, மடிப்பது, செருகுவது, நாரைச் சுற்றி முடிச்சுப் போடுவது என்று மணிக்கணக்கில் நீளும் வேலை அது. சின்னப் பிள்ளையின் விரல்கள் பழகவேண்டிய அத்தனை அசைவும் அதில் இருக்கிறது.

அதே ஊரிலும் பக்கத்து ராஜபாளையத்திலும் மூன்றரை வயதுப் பிள்ளை எல்.கே.ஜி. வகுப்பில் உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறது. கை வலிக்கிறது என்றால் சோம்பேறித்தனம் என்கிறார்கள். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாக மாறி, எட்டாவது மாறத் தொடங்குவதற்கே எட்டு வயதோ அதற்கு மேலோ ஆகிவிடும். பிள்ளையின் கை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதை அதட்டி அவசரப்படுத்த முடியாது.

சரி, எழுத்துக்கு முன்னால் விரல்களைப் பழக்கும் கைவேலையில் பிள்ளைக்கு எப்படி ஆசை வரவைப்பது? ஸ்டாரும் சாக்லேட்டும்தான் பலருக்கு முதலில் தோன்றும். 1973இல் அமெரிக்காவில் உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டு, அதைப் பெற்றவர்கள், பின்னர் விருப்பம்போல் விளையாடவிட்ட நேரத்தில், மற்றவர்களைப்போல ஏறக்குறைய பாதியளவே வரைந்தார்கள். பரிசுக்காகச் செய்த வேலை பரிசோடு போய்விட்டது.

பிள்ளையை இழுப்பது வேறொன்று: தான் செய்தது வீட்டில் பயன்படுவதைப் பார்க்கும் சந்தோஷம். அம்மா சரம் கட்டும்போது கடைசி முடிச்சை மட்டும் பிள்ளையிடம் விடலாம். அது விழுந்ததும் முந்தைய சுற்றையும் கொடுக்கலாம். கோணலாக இருந்தாலும் பிரித்துத் திருத்தாமல் அந்தச் சரத்தைச் சாமி படத்துக்குச் சாத்திவிட்டால் போதும். மறுநாள் பூக்கூடை பக்கத்தில் பிள்ளை தானே வந்து உட்காரும்.

இதே மாவட்டத்தின் இன்னொரு நினைவையும் சொல்லியாக வேண்டும். சிவகாசி, சாத்தூர் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலில் சின்ன விரல்களின் வேகம் கூலிக்கு விலைபோனது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் காலத்தை அறிந்த பாட்டி, பேத்தி கையில் நாரைக் கொடுக்கத் தயங்கினால் அந்தத் தயக்கத்தை மதிக்கத்தான் வேண்டும். சலித்ததும் நாரைப் போட்டுவிட்டு ஓட பிள்ளைக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் அது விளையாட்டு. எண்ணிக்கை கேட்கத் தொடங்கினால், தாயே கேட்டாலும், அது வேலை.

இந்தக் கைவேலைக்குச் செலவும் அதிகமில்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். அங்கே மிஞ்சும் துண்டுத் துணி, நூல் பிரிக்கவும் பின்னவும் நன்றாக உதவும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்கட்டும் பெண்களை வாரம் ஒருநாள் அங்கன்வாடிக்கு அழைத்து, அன்றைய கூலியை அரசே கொடுக்கலாம். பிள்ளைகள் கைக்கு அரளி மட்டும் கூடாது, அது நஞ்சு. மல்லியும் செம்பருத்தியும் போதும். மூன்று வயது ஆகாத பிள்ளைக்கு மணியோ புளியங்கொட்டையோ கொடுக்கக் கூடாது, வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும்.

பள்ளிகள் செய்யவேண்டியது இன்னும் எளிது. வரும் ஜூனில் எல்.கே.ஜி. பெற்றோரிடம் நீட்டும் பட்டியலிலிருந்து இரட்டைக்கோடு நோட்டை எடுத்துவிடட்டும். எழுத்து வீட்டுப்பாடம் ஒன்றாம் வகுப்பு வரை காத்திருக்கலாம்.