கடைசி வண்டியும் வந்து சேரட்டும்

விடியற்காலை ஆறரை மணி. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் ரவாங் ஓய்விடத்தில் 12 மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன என்று கொள்வோம். கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், ரவாங் எனப் பல இடங்களிலிருந்து வந்தவர்கள் ஒரு வழிகாட்டியின் தலைமையில் தாய்லாந்துக்குப் புறப்படுகிறார்கள். பெரிய மோட்டார் சைக்கிள்களோடு இரண்டு கப்சாய்களும் அக்குழுவில் உள்ளன. எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாமை அடைய 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். பலருக்கு இதுதான் முதல் வெளிநாட்டுச் சாலைப் பயணம்.

உற்சாகம் மிகுந்த இந்த முதல் நாளைத் தத்தம் வண்டியின் வேகத்தைக் காட்டும் நாளாகச் சிலர் கருதுகின்றனர். இது தவறான எண்ணம். முதல் நாளின் வேகத்தை முடிவு செய்ய வேண்டியவர் முன்னால் செல்பவர் அல்லர், கடைசியில் வருபவரே.

இதற்கான காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டரைக் கடக்கிறது. வண்டிகள் வலமும் இடமுமாக மாறி மாறி, ஒன்றுக்கொன்று ஒரு விநாடி இடைவெளி விட்டுச் சென்றால்கூட, 12 வண்டிகள் கொண்ட அணியின் நீளம் ஏறக்குறைய 275 மீட்டர் ஆகும். முன்னவர் ஒரு லோரியை முந்திச் சென்றுவிடுவார். பின்னவரோ வழி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இடைவெளி பெருகிவிடும். அதை ஈடுகட்ட அவர் முன்னவரைவிட வேகமாக ஓட்டியாக வேண்டும். முன்னவரே நெடுஞ்சாலையின் உச்ச வேகமான 110 கிலோமீட்டரில் சென்றால், கடைசியில் வருபவர் சட்டத்தை மீறாமல் அணியை எட்டிப் பிடிக்க முடியாது. ஆக, முன்னால் செல்பவரின் அவசரம் பின்னால் வருபவரின் ஆபத்தாக முடிகிறது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

எனவே, நல்ல வழிகாட்டி புறப்படுவதற்கு முன்பே அனைவரையும் அழைத்துப் பேசுகிறார். நிற்கும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். வழி தவறினாலும் அடுத்த ஓய்விடத்தில் மற்றவர்கள் காத்திருப்பார்கள் என்று தெரிந்தவர் பதற்றத்துடன் விரட்டி ஓட்ட மாட்டார். கப்சாயின் எரிபொருள் தொட்டி சிறியது. ஆகவே, பெட்ரோல் நிரப்பும் இடங்களும் அதற்கேற்பவே அமைய வேண்டும். அனுபவம் மிக்க ஒருவர் அணியின் இறுதியில் வருகிறார். எவரேனும் நின்றுவிட்டால் அவரும் உடன் நிற்பார். ஈப்போவைத் தாண்டியதும் மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய மலைச்சாலை வளைந்து செல்கிறது. அங்கே அனைவரும் ஒற்றை வரிசையில் செல்ல வேண்டும் என்பதையும் ரவாங்கிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எல்லையிலும் இதே நிலைதான். கடப்பிதழ், வாகனப் பதிவுச் சான்று, தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதி ஆகியவை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் உரிமையாளரின் அனுமதிக் கடிதமும் தேவை. ஒருவர் ஓர் ஆவணத்தை மறந்தாலும் 12 பேரும் காத்திருக்க நேரிடும். அங்குக் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. ஆனால், கடிகாரத்தைத் திருப்பி வைப்பதால் உடலின் களைப்பு நீங்கிவிடாது. பழக்கமில்லாத சாலையில் தாய் எழுத்துப் பலகைகளைப் பார்த்தபடி இருட்டில் ஓட்டுவதைத் தவிர்க்க, பகலிலேயே எல்லையைக் கடப்பதே சிறந்தது.

“இத்தனை கட்டுப்பாடுகள் இருந்தால் மோட்டார் சைக்கிள் பயணத்தின் சுதந்திரம் எங்கே?” என்று சிலர் கேட்கலாம். தனியே செல்பவர் தம் விருப்பப்படி நிற்கலாம், போகலாம் என்பது உண்மைதான். எனினும், அயல்நாட்டில் வண்டி பழுதானால் உதவ ஆளில்லாமல் தவிப்பதும் அவரே. குழுவாகச் செல்பவர் தம் வேகத்தில் சிறிது விட்டுக்கொடுக்கிறார். அதற்கு ஈடாகப் பாதுகாப்பையும் துணையையும் பெறுகிறார். மேலும், முதல் நாளில் ஒழுங்கைக் கற்றுக்கொண்ட குழுவுக்கு அடுத்தடுத்த நாள்களில் அது பழக்கமாகிவிடும்.

16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். நண்பர்களோடு ரவாங்கிலிருந்து பத்தாங் காலிக்குச் சென்றாலும் அதுவும் குழுப் பயணமே. பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். முதலில் போய்ச் சேர்ந்தவர் யார் என்பதை எவரும் நெடுநாள் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆனால், ஒருவர் வந்து சேராமல் போனால், அதை அவர் குடும்பத்தாரும் நண்பர்களும் ஒருநாளும் மறக்க மாட்டார்கள்.