குளிர்கால இரவுக்கு ஒரு கனித் தம்



மார்கழி பிறந்துவிட்டால் பாலாற்றங்கரை ஊர்களில் மாலை ஆறு மணிக்கே குளிர் வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறது. ஏலகிரி, ஜவ்வாது மலைகளின் பக்கமிருந்து வீசும் காற்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் வீடுகளின் கதவுகளை முன்னிரவிலேயே அடைக்கச் செய்கிறது. இவ்வேளையில்தான் காலணித் தொழிற்சாலைகளில் பகல் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்கள் இல்லம் திரும்புகின்றனர். பிள்ளைகளோ சூடாகவும் இனிப்பாகவும் ஏதேனும் வேண்டுமென்று காத்திருக்கின்றனர். கடையில் கேக் வாங்கினால் ஒரு துண்டுக்கு மேல் எவருக்கும் எட்டாது. பிரெட் அல்வா கிளறலாமென்றால் ரொட்டியைப் பொரிக்கும் எண்ணெய்க்கும் நெய்க்குமே கை கடித்துவிடும். மாதக் கடைசியில் இது சிறு கவலையன்று.

இக்கவலைக்கு நம் அடுப்பிலேயே விடை இருக்கிறது. பிரியாணிக்குத் ‘தம்’ போடாத வீடு இப்பகுதியில் இல்லை. தம் என்பது மூச்சு எனப் பொருள்படும் பாரசீகச் சொல். ஆவி வெளியேறாதபடி மூடி, கீழே மிதமான அனலும் மூடியின்மேல் தணலும் இட்டு, உணவைத் தன் மூச்சிலேயே வேக வைப்பது அம்முறை. மேலும் கீழும் உலர்ந்த வெப்பம் சூழ்வதே மேல்நாட்டார் ‘ஓவனில்’ சுடுவதன் தத்துவமும் ஆகும். நம் நன்னிமார்கள் ரவையும் நெய்யும் சேர்த்துத் தம்ரூட் சுட்டது இவ்வாறுதான். அதே தணலில் பழத்தையும் சுடலாம்.

மாவைப் பிசறிப் பழத்தின்மேல் தூவிச் சுடும் இப்பண்டத்தை ஆங்கிலேயர் ‘கிரம்பிள்’ என்பர். இரண்டாம் உலகப் போரின்போது 1940 ஜனவரியில் அந்நாட்டில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்தது. உணவுப் பங்கீடு முற்றிலும் நீங்கியது 1954இல்தான். அந்த நெருக்கடிக் காலத்தில், மிகுந்த கொழுப்பு வேண்டும் பழப் பணியாரங்களுக்கு மாற்றாக இது வீடுதோறும் பரவிற்று. ஆகவே இது செல்வர் வீட்டுப் பண்டமன்று. சிக்கனத்தில் வளர்ந்த பண்டம்.

தேவையான பொருட்கள் (ஆறு பேருக்கு)

நன்கு பழுத்த வாழைப்பழம் – 4
ஆப்பிள் – 2
பொடித்த வெல்லம் – 3 மேசைக்கரண்டி
எலுமிச்சை – அரை மூடி
ஏலக்காய் – 4
சுக்குத்தூள் – கால் தேக்கரண்டி
கோதுமை மாவு – 120 கிராம்
ரவை – 40 கிராம்
சர்க்கரை – 50 கிராம்
நெய் அல்லது வெண்ணெய் – 80 கிராம்
வறுத்து ஒன்றிரண்டாக இடித்த வேர்க்கடலை – ஒரு கைப்பிடி
உப்பு – ஒரு சிட்டிகை

தோல் கறுத்த வாழைப்பழத்தைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். பழம் கனியக் கனிய அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. எனவே கறுத்த பழத்திற்கு வெல்லம் குறைவாகவே பிடிக்கும். காஷ்மீரத்து ஆப்பிள் வரத்து மிகுந்திருக்கும் மாதங்களில், அடிபட்டவற்றைத் தள்ளுவண்டிக்காரர் மாலையில் மலிவாகவே தருவார். அடிபட்ட இடத்தை மட்டும் அரிந்து நீக்கிவிட்டால் எஞ்சியது குறையற்றதே. ஆனால் அழுகலோ பூஞ்சையோ கண்ட பழத்தை முழுதும் ஒதுக்கிவிடுங்கள். ஆப்பிளுக்குப் பதில் கொய்யாவும் இடலாம். விதைப்பகுதியை நீக்கிக்கொள்ள வேண்டும்.

செய்முறை

ஆப்பிளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கறுக்காதிருக்க எலுமிச்சைச் சாற்றில் புரட்டுங்கள். அதனுடன் வெல்லம், ஏலப்பொடி, சுக்குத்தூள் சேர்த்து நெய் தடவிய எட்டு அங்குலப் பாத்திரத்தில் பரப்பி, மேலே வாழைப்பழ வில்லைகளை அடுக்குங்கள்.

கோதுமை மாவு, ரவை, சர்க்கரை, உப்பு ஆகியவற்றைக் கலந்து, உறைந்த நெய்யை அதிலிட்டு விரல் நுனிகளால் பிசறுங்கள். பிட்டு மாவைப் போல் உதிரியாக வந்தால் போதும். தண்ணீர் ஒரு துளியும் கூடாது. நெய் மாவின் துகள்களைப் போர்த்திக்கொள்வதால்தான் அது சப்பாத்தி மாவைப் போல் இழுபடாமல் மொறுமொறுப்பாகிறது. வேர்க்கடலையைச் சேர்த்துப் பழத்தின்மேல் தூவுங்கள், அழுத்த வேண்டாம்.

ஓவன் உள்ளவர்கள் 180 டிகிரி வெப்பத்தில் 35 முதல் 40 நிமிடம் சுடலாம். இல்லாதவர்கள் கனமான தேக்சாவின் அடியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, அடுப்பில் பத்து நிமிடம் காய்ச்சி, உள்ளே ஒரு வளையத்தை வைத்து அதன்மேல் பாத்திரத்தை இறக்குங்கள். தட்டால் மூடி, மேலே தணலைப் பரப்பி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் விடுங்கள். பிரியாணி இறக்கிய நாளில் மிஞ்சிய தணலே இதற்குப் போதும். வீணாகும் அனலுக்கும் ஒரு பயன் கிடைக்கும். மேலே தணல் இட இயலாதவர்கள், பிசறிய மாவை வாணலியில் சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து, பின்னர்த் தூவிச் சுடலாம். ஓரங்களில் பழச்சாறு கொதித்து வருவதே பதம்.

பத்து நிமிடம் ஆறவிட்டுச் சூடான பாலை ஊற்றிப் பரிமாறுங்கள்.

கவனத்திற்குச் சில

முதலாவது, தணலைப் பற்றியது. இதனை அலட்சியம் செய்யாதீர்கள். குளிருக்கு இதமாயிருக்கிறதே என்று சன்னல், கதவுகளை அடைத்துவிட்டுத் தணலைப் படுக்கையறையில் வைத்துறங்குவோர் உண்டு. எரியும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவரை எழுப்பாமலேயே உயிரைப் பறித்துவிடும். எனவே தணலைக் காற்றோட்டமுள்ள இடத்தில் அல்லது முற்றத்தில் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் நீரூற்றி அவித்துவிடுங்கள்.

இரண்டாவது, வாசனைக்கு வெனிலா எசன்ஸ் தேடி அலைய வேண்டாம். அவற்றுள் சில ஆல்கஹாலில் கரைக்கப்பட்டவை. ஏலமும் சுக்கும் இருக்கையில் அந்த ஐயத்திற்கே இடமில்லை. குளிருக்குச் சுக்கு இதமும் அளிக்கும்.

மூன்றாவது, நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு வெல்லம் சர்க்கரைக்கு மாற்றாகாது. இரண்டும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். அவர்களுக்கு ஆப்பிளும் ஏலமும் மட்டும் இட்டு ஒரு சிறு கிண்ணத்தில் தனியே சுட்டுக் கொடுங்கள். பழத்திலும் சர்க்கரை உண்டாதலால் அளவோடு கொடுங்கள். எல்லாரும் உண்ணும்போது அவர்கள் மட்டும் வெறும் தட்டைப் பார்த்திருக்க வேண்டாமல்லவா?

வேலைக்குச் செல்லும் சகோதரிகள் மாவைக் காலையிலேயே பிசறி மூடி வைத்துவிட்டால், மாலையில் பழம் நறுக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். அதனைப் பெண்பிள்ளைகளிடம் மட்டுமன்றி ஆண்பிள்ளைகளிடமும் ஒப்படையுங்கள். ஆறு பேருக்கான அளவில் ஒரு கிண்ணத்தை அண்டை வீட்டிற்கென எடுத்து வைக்கவும் மறவாதீர்கள். நான்கு கறுத்த பழங்களும் ஒரு பிடி மாவும் இரண்டு வீடுகளின் குளிரைப் போக்குமாயின், அதைவிட மலிவான விருந்து வேறேது?