பிள்ளையின் போனைக் களவாகப் பார்க்கலாமா?



பெற்றோர் கூட்டங்களில் இப்போது புள்ளிகளைப் பற்றி விசாரிப்பவர்களை விட போனைப் பற்றி விசாரிப்பவர்கள் கூட. "பிள்ளை தூங்கின பிறகு போனை எடுத்து மெசேஜ் எல்லாம் பார்க்கிறோம், அது சரியா?" என்று கேட்கிறார்கள்.

என் பதில் இதுதான்: பாருங்கள், ஆனால் பிள்ளைக்குத் தெரிந்து பாருங்கள்.

போனே கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது பாடமே வட்ஸ்அப்பிலும் சூமிலும்தான் வந்தது. இன்றும் டியூஷன் நோட்ஸ் வட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால், அவரோடு பேசுவதற்கும் அதே போன்தான்.

மேற்பார்வை கட்டாயம் வேண்டும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், வட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் குறைந்த வயது 13. நம் ஊர்களில் தரம் 5 பிள்ளைக்கும் எக்கவுண்ட் இருக்கிறது. பிறந்த ஆண்டைப் பொய்யாகப் போட்டுக் கொடுப்பது பல வீடுகளில் மூத்தவர்கள்தான். டிக்டொக்கில் 16 வயதுக்குக் குறைந்தவருக்கு நேரடி மெசேஜ் வசதி இல்லை. பத்து வயதுப் பிள்ளையை இருபது வயது என்று பதிந்தால், அந்தக் கதவை நாமே திறந்து விடுகிறோம்.

களவாகப் பார்ப்பதில் என்ன பிரச்சினை? முதலாவது, அது பலன் தராது. வட்ஸ்அப்பில் 24 மணித்தியாலத்தில் மெசேஜ் தானாக அழியும்படி வைக்கலாம். ஒரு தடவை பிடிபட்ட பிள்ளை அடுத்த தடவை வேறு பெயரில் எக்கவுண்ட் திறக்கும். நீங்கள் பார்ப்பது உங்களுக்காக விட்டுவைத்த மெசேஜ்களை மட்டும்தான்.

இரண்டாவது இதைவிடப் பாரதூரமானது. பிள்ளைகளை மிரட்டுகிறவன் எப்படி மிரட்டுகிறான்? முதலில் அன்பாகப் பேசுவான். பிறகு ஒரு போட்டோ கேட்பான். அது கைக்கு வந்ததும் "உன் வாப்பாவுக்கு அனுப்புவேன்" என்பான். அவனுடைய ஆயுதம் அந்தப் போட்டோ மட்டுமில்லை, நம் கோபமும்தான். வாப்பாவிடம் சொன்னால் அடி விழும், படிப்பு நிற்கும் என்று பயப்படும் பிள்ளை, அவன் கேட்பதையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். "உம்மா, எனக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்தது" என்று முதல் நாளே சொல்லும் பிள்ளையை அவனால் ஒன்றும் செய்ய முடியாது.

பிள்ளைகள் நம் பொறுப்பில் உள்ள அமானிதம் என்பது நம் மார்க்கம். அதே மார்க்கம்தான் சூரா ஹுஜுராத்தின் 12ஆவது வசனத்தில் துருவித் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. பொறுப்பை வெளிப்படையாகச் செய்தால் இரண்டையும் பேணலாம். பிள்ளையின் மெசேஜை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து குடும்ப குரூப்பில் போடுவது எந்தக் கணக்கிலும் பாதுகாப்பு ஆகாது. பிள்ளையின் மானத்தை நாமே கப்பலேற்றும் வேலை அது.

இன்னொன்று. மகளின் போனை உம்மா, வாப்பா, நானா என்று மூன்று பேர் பார்க்கிறார்கள். மகனின் போனை யாரும் தொடுவதில்லை. போட்டோவை வைத்து மிரட்டிக் காசு கேட்பவர்களிடம் ஆண் பிள்ளைகளும்தான் மாட்டுகிறார்கள். சட்டம் போட்டால் இருவருக்கும் ஒன்றாகப் போடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை:

• 13 வயது வரை சொந்த போன் வேண்டாம். உம்மாவின் போன், ஹோலில் இருந்து பாவிக்கட்டும்.
• அதற்குப் பிறகு, கொடுக்கும் நாளிலேயே பேசிக்கொள்ளுங்கள்: இடைக்கிடை பக்கத்தில் இருந்து பார்ப்போம், இரவில் போன் ஹோலில் இருக்கும். பெரியவர்களின் போனும் அங்கேயே இருக்கட்டும்.
• ஓ.எல். வயதில் மெசேஜை வாசிப்பதை விட, யாரோடு பழகுகிறது என்று பேசித் தெரிந்துகொள்வது பெறுமதி.

ஏதாவது நடந்துவிட்டால் அடிக்க வேண்டாம். காசு அனுப்ப வேண்டாம். மெசேஜை அழிக்கவும் வேண்டாம், அதுதான் சாட்சி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மூடி மறைத்தால், அவன் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் போவான்.

இன்று இரவு போனை எடுக்க முன், பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: "என்ன பிழை நடந்தாலும் முதலில் எங்களிடம் வா." சொன்னால் மட்டும் போதாது, வந்த அன்று அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.