தாமதம் குற்றமல்ல

முப்பது வருஷம் கழித்து வரும் இரண்டாம் பாகம் பழைய நினைவுகளை விற்றுத்தான் பிழைக்கும், முதல் படத்தை மிஞ்சவே முடியாது என்று வாதிடுபவர்கள் 'டாப் கன்: மேவரிக்' படத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அங்கேதான் வாதம் உடைகிறது.

1986இல் வந்த முதல் படத்திலும் நடிகர்களை எஃப்-14 விமானத்தில் ஏற்றினார்கள். ஆனால் வானத்தில் எடுத்த முகங்களில் பெரும்பாலானவை தேறவில்லை. விமானி அறைக் காட்சிகளைத் தரையில் ஆட்டிவைத்த மாதிரி அறையில்தான் எடுத்தார்கள். 2022 படத்தில் எஃப்/ஏ-18 விமானத்தின் பின் இருக்கையில் நடிகர். அவரைச் சுற்றி ஆறு கேமராக்கள். இயக்குநர் ஜோசப் கொசின்ஸ்கி கீழேயே நின்றுவிட, கேமராவை ஓடவிடும் வேலையும் நடிகர் தலையில். விமானம் செங்குத்தாக எழும்பும்போது கன்னச் சதை கீழே இழுபடுகிறதே, அது நடிப்பே இல்லை. அந்தச் சிறிய அறைக்குள் அடங்கும் அளவுக்குக் கேமரா சுருங்கக் காலம் வேண்டியிருந்தது.

பழைய படத்தின் கடற்கரை விளையாட்டை ஞாபகப்படுத்தும் காட்சி நினைவு வியாபாரம்தான், மறுக்கவில்லை. கடைசிச் சண்டையில் நம்பமுடியாத இடங்களும் உண்டு.

ஆனால் வால் கில்மர் வரும் காட்சிக்கு என்ன சொல்வீர்கள்? தொண்டைப் புற்றுநோயால் நிஜமாகவே குரலிழந்தவர் அவர். முதல் படத்தில் நாயகன் மேவரிக்குக்குப் போட்டியாக வந்த விமானி ஐஸ்மேனாக, இப்போது நோயுற்று, கணினியில் தட்டச்சு செய்து அந்தப் பழைய எதிராளியோடு பேசுகிறார். முதல் படத்தில் பெரும்பாலும் போட்டியாக இருந்த உறவு இங்கேதான் நட்பாகக் கனக்கிறது. இதை 1990இல் எந்த இயக்குநராலும் எடுத்திருக்க முடியாது.