என்ன பிரீடு சார்?

லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து நான்காவது மாடிக்குப் போவதற்குள் ஒரு பொய் சொன்னேன். போன ஐப்பசி மழையில் நடந்தது. இன்னும் உறுத்துகிறது.

எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் ஒரு நாய்க்குட்டி வந்திருந்தது. வந்தது என்ன வந்தது, என் மகள் தூக்கிக்கொண்டு வந்தாள். தெருமுனை பஜ்ஜிக் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே நனைந்து நடுங்கிக்கொண்டிருந்ததாம். அதனால் பெயர் பஜ்ஜி. செம்பட்டை நிறம், வால் நுனியில் மட்டும் வெள்ளை. ஒரு காது நிற்கும், இன்னொன்று மடங்கும்.

அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு லிஃப்ட்டில் ஏறினால், ஆறாவது மாடிக்காரர் தன் லாப்ரடாரோடு நிற்கிறார். லாப்ரடார் மூக்கை நீட்டி பஜ்ஜியை ஒருமுறை முகர்ந்தது. அதற்கு அது போதும். மனிதருக்குப் போதவில்லை.

"என்ன பிரீடு சார்?"

"சிப்பிப்பாறை... க்ராஸ்."

"ஓ, நேட்டிவ் பிரீடு! சூப்பர் சார். எங்க வாங்கினீங்க?"

"சாத்தூர் பக்கம் ஒரு ஃப்ரெண்ட் கொடுத்தார்."

ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய். அன்றைக்குச் சாயங்காலமே வாக்கிங்கில் இரண்டு பேர் நின்று பஜ்ஜியைத் தடவிக் கொடுத்தார்கள். "சிப்பிப்பாறையாமே!"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். லிஃப்ட்டில் யாரும் யாரையும் "உங்களுக்கு என்ன சம்பளம்?" என்று கேட்பதில்லை. "என்ன பிரீடு?" என்று கேட்கலாம். பதிலில் சம்பளம், வீட்டின் அளவு, ஏ.சி. ஓடும் நேரம் எல்லாம் வந்துவிடும்.

நான் வளர்ந்த சிற்றூரில் இந்தக் கேள்வியே கிடையாது. எல்லாத் தெருவிலும் ஒரு மணி இருக்கும். வாசலில் படுக்கும், மிச்சச் சோறு தின்னும், ராத்திரி குரைக்கும். அது யார் வீட்டு நாய் என்றுகூடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஊருக்கு ஒரே ஒரு அல்சேஷன், மில் முதலாளி வீட்டில். அதை யாரும் பார்த்ததில்லை, கேட்டுக்கு உள்ளேயிருந்து வரும் குரலைத்தான் கேட்டிருக்கிறோம். அந்தக் குரலும் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையும்தான் எங்களுக்குப் பணக்காரர் என்பதற்கு அர்த்தம்.

அப்புறம் பொமரேனியன் காலம் வந்தது. பேங்க் மேனேஜர் வீடு, டாக்டர் வீடு என்று வெள்ளைப் பஞ்சு உருண்டைகள். 'ஹம் ஆப்கே ஹை கோன்' படத்தில் 1994-ல் வந்த டஃப்பி அந்த ஆசையை இன்னும் ஏற்றிவிட்டது. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சின்னப் பையன் பின்னால் ஓடியது. அதுவரை பக் என்றால் என்னவென்றே தெரியாதவர்களெல்லாம் "ஹட்ச் நாய் கிடைக்குமா?" என்று விசாரித்தார்கள். தட்டையான அந்த மூக்கால் ஒழுங்காக மூச்சுவிட முடியாது, நம் ஊர் வெயிலில் இன்னும் திணறும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை.

இப்போது ஹஸ்கி. சைபீரியப் பனியில் வண்டி இழுப்பதற்காக இரட்டை அடுக்கு ரோமத்தோடு பிறந்த ஜீவன், சென்னையின் மே மாத மொட்டை மாடி வெயிலில். ஹஸ்கி வைத்திருக்கிறார் என்றால், பகல் முழுக்க ஒரு ஏ.சி.யை நாய்க்காக மட்டும் ஓடவிடக்கூடியவர் என்று பொருள். வாங்கும்போது அந்தக் கரன்ட் பில்லை நினைக்காதவர்கள் இரண்டாவது கோடையில் என்ன செய்கிறார்கள் என்பதை, கைவிடப்பட்ட நாய்களை எடுத்துப் பராமரிப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

(ஒரு சந்தேகம். நாய்களோடு நாம் ஏன் இங்கிலீஷ் பேசுகிறோம்? "கம்", "சிட்", "நோ" என்று எழுபது வயது பாட்டியும் அதட்டுகிறார். பேரனிடம் பேசும்போது வராத இங்கிலீஷ், நாயிடம் வருகிறது. பஜ்ஜிக்கும் என் மனைவி முதல் வாரம் "நோ பஜ்ஜி, நோ" என்றுதான் சொன்னாள்.)

இங்கிலீஷ் வந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. 'பிரீடு' என்று நாம் இன்று சொல்லும் சமாச்சாரமே பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். முன்பெல்லாம் நாயை அது செய்யும் வேலையைச் சொல்லித்தான் அடையாளம் காட்டினார்கள்: ஆடு மேய்ப்பது, எலி பிடிப்பது, வேட்டைக்குப் போவது. 1859-ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் முறையான முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் ஆரம்பித்தார்கள். காது இப்படி, வால் இப்படி, அப்பா இன்னார், தாத்தா இன்னார் என்று ஏடு எழுத ஆரம்பித்தார்கள். தொழிற்சாலைகளில் புதுப் பணம் பார்த்த நடுத்தர வர்க்கம் அப்போது பெருகிக்கொண்டிருந்தது. பிரபுக்களைப் போலத் தனக்கு வம்சாவளி இல்லையே என்று ஏங்கியவர், வம்சாவளி உள்ள நாயை விலைக்கு வாங்கலாம். 'பெடிகிரி' என்ற சொல்லே பழைய பிரெஞ்சில் 'கொக்கின் கால்' என்று பொருள்படும் வார்த்தையிலிருந்து வந்தது. வம்ச விளக்கப் படத்தில் கோடுகள் பிரியும் இடம் கொக்கின் கால் போல இருக்குமாம்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தார்ஸ்டீன் வெப்லன் 1899-லேயே இதைப் போட்டு உடைத்துவிட்டார். விசித்திர உருவத்தில் நாய்களை உருவாக்கி வளர்ப்பதன் மதிப்பே, அதற்கு ஆகும் செலவை ஊர் பார்க்கிறது என்பதில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி.

இந்தியாவின் கென்னல் கிளப் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. "பேப்பர் உள்ள குட்டி ஒரு விலை, பேப்பர் இல்லாத குட்டி ஒரு விலை" என்று விற்பவர்கள் சொல்வது அந்தச் சான்றிதழைத்தான். குலம் கோத்திரம் பார்த்துச் சம்பந்தம் செய்கிற ஊரில் இந்த வியாபாரம் புரிய வைக்க வேண்டியதே இல்லை, தானாகவே புரிந்துவிட்டது.

"அதெல்லாம் வெளிநாட்டு மோகம் சார், இப்ப மக்கள் நாட்டு நாய்க்குத் திரும்பிட்டாங்க" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 2005-ல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலை வந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டோடு நாட்டு நாய்க்கும் மவுசு கூடியது. 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்திய இனங்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என நம் பெயர்கள் வரிசையாக வந்தன. சந்தோஷமான விஷயம். அழியப் பார்த்த இனங்கள் பிழைத்தன.

ஆனால் விலைப்பட்டியலும் கூடவே வந்துவிட்டது. முயலைத் துரத்திக் கரிசல் காட்டில் கிலோமீட்டர் கணக்கில் ஓடிய சிப்பிப்பாறை, இப்போது இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் சோபா காலைக் கடிக்கிறது. ராஜபாளையத்தில் சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு இருந்தால்தான் 'ஒரிஜினல்' என்று தேடிப் போகிறார்கள். அந்த வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சேர்ந்து வருவது உண்டு. பிறவிச் செவிடான குட்டிகள் அந்த இனத்தில் பல. நாயிலும் நமக்கு வெள்ளைதான் வேண்டியிருக்கிறது.

நான் லிஃப்ட்டில் சொன்ன பொய்யும் இந்த மவுசில் பிறந்ததுதான். பத்து வருஷம் முன்னால் என்றால் 'லாப் க்ராஸ்' என்று சொல்லியிருப்பேன்.

இது வெறும் பெருமைக் கதையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அப்படி இல்லை. மதுரைப் பக்கம் சில கிராமங்களில் தலித் மக்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. காரணம் கேட்டால் தலை சுற்றும். அவர்கள் வீட்டு ஆண் நாய், ஊர்த் தெருப் பெண் நாயோடு சேர்ந்துவிடுமாம். 'பரியேறும் பெருமாள்' படம் 2018-ல் வந்தபோது, கருப்பி என்ற வேட்டை நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போடும் அந்த ஆரம்பக் காட்சியில் தியேட்டரில் என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த நாய் யாரையும் கடிக்கவில்லை. அதை வளர்த்தவர்கள் யார் என்பதுதான் அது செய்த குற்றம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2024 மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. கேட்பாரற்ற தெரு நாய்கள் அல்ல, காசு கொடுத்து வாங்கி வளர்த்த நாய்கள். சிறுமியோ அந்தப் பூங்காக் காவலாளியின் மகள். செய்தியைப் படித்த அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு எப்படியோ தெரு நாய்களை ஒழிப்பது பக்கம் போய்விட்டது. ராட்வீலர் பற்றி ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை, எங்கள் 'பி' பிளாக்கில் ஒன்று இருக்கிறது.

பஜ்ஜி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வாரமே தடுப்பூசி போடப் போனோம். டாக்டர் அட்டையை எடுத்துப் பெயர் எழுதினார். அடுத்த கட்டம், இனம். நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "தெரு நாய், டாக்டர்." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'என்.டி.' என்று எழுதினார். நான்-டிஸ்கிரிப்ட், அதாவது இன்ன இனம் என்று சொல்ல முடியாதது. "இதுங்கதான் சார் தொந்தரவே தராது. சீக்கு கம்மி" என்றார்.

அட்டையை வீட்டு அலமாரியில் வைத்தேன். உள்ளே என்.டி., வெளியே சிப்பிப்பாறை. இப்படியே மூன்று மாதம் ஓடியது.

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். "இதுவா சார் சிப்பிப்பாறை? எங்க தெரு டைகரு இருக்கானே, அவனுக்குப் பொறந்த மாதிரியே இருக்கு. அந்தக் காதைப் பாருங்க!" டைகர் உட்பட மூன்று நாய்களுக்கு அவர் தினமும் சோறு வைக்கிறார். யாருக்கும் பேப்பர் கிடையாது.

அன்று போகும்போது வாசலில் நின்று சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "நல்லவேளை சார், நீங்க அப்படிச் சொன்னீங்க. இல்லன்னா இவனும் என்கூடப் பின்பக்க லிஃப்ட்லதான் வரணும்."

எங்கள் அசோசியேஷன் விதி அது. வீட்டு வேலை செய்பவர்கள், கூரியர், கேஸ் சிலிண்டர் எல்லாம் சர்வீஸ் லிஃப்ட்டில். விதிப்படி நாய்களும் அதில்தான் போக வேண்டும். ஆனால் லாப்ரடாரை முன்பக்க லிஃப்ட்டில் பார்த்து யாரும் ஒன்றும் சொன்னதில்லை, சிப்பிப்பாறையையும் சொல்லவில்லை. பத்து வருஷமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன். அக்கா எந்த லிஃப்ட்டில் வருகிறார் என்று நான் அதுவரை கவனித்ததே இல்லை.

போன வாரம் மறுபடியும் ஆறாவது மாடிக்காரரும் நானும், லாப்ரடாரும் பஜ்ஜியும் ஒன்றாக மாட்டிக்கொண்டோம்.

"சிப்பிப்பாறை நல்லா வளர்ந்துடுச்சே சார்! ஆனா இன்னும் கொஞ்சம் ஒல்லியா, உயரமா வரணுமில்ல?"

"இல்ல சார்" என்றேன். "சிப்பிப்பாறையெல்லாம் இல்ல. தெரு நாய். பஜ்ஜிக் கடைகிட்ட கிடைச்சுது. அன்னிக்கு ஏதோ வாய்ல வந்துடுச்சு."

அவர் பேசவில்லை. முதல் மாடி, இரண்டாவது மாடி. தன் நாயைக் குனிந்து பார்த்தார். மூன்றாவது மாடி தாண்டும்போது சொன்னார்.

"இதுவும் ப்யூர் லாப் இல்ல சார். முப்பதாயிரம் வாங்கிட்டு, பேப்பர் அப்புறம் அனுப்புறேன்னான். ஆறு மாசத்துல வால் இப்படிச் சுருண்டுக்கிச்சு. வீட்டுல யார்கிட்டயும் சொல்லல."

பார்த்தேன். வால் லேசாகச் சுருண்டுதான் இருந்தது. பஜ்ஜி அதைக் கவ்வ முயன்றுகொண்டிருந்தது.

வரும் ஞாயிறு அசோசியேஷன் கூட்டம். வேலைக்கு வருபவர்களும் எந்த லிஃப்ட்டிலும் வரலாம் என்று விதியை மாற்றச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். பத்து கையெழுத்து வேண்டும், இதுவரை நான்கு. நான்காவது மாடியில் கதவு திறந்தபோது அவரிடமும் கேட்டேன்.

"அனுப்புங்க சார், படிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். கதவு மூடிக்கொண்டது.