மின்தடை கூடினால் சூடு கூடுமா, குறையுமா?

ஓம் விதி படிக்கும் பிள்ளைகள் பலர் ஓரிடத்தில் வந்து தடுக்கி நிற்கிறார்கள். மின்திறனைக் கணக்கிட ஒரு சூத்திரம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கச் சொல்கிறது. இன்னொன்று, மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்கச் சொல்கிறது. முதலாவதை நம்பினால் தடை கூடக்கூடத் திறனும் கூட வேண்டும். இரண்டாவதை நம்பினால் குறைய வேண்டும். எது சரி? மிக நியாயமான கேள்வி இது. இரண்டும் சரிதான் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால், பிள்ளைக்கு மனப்பாடம் ஒன்றுதான் மிஞ்சும்.

அடிப்படை எளியது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 230 வோல்ட்டில் ஓடும் 1000 வாட் அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொள்வோம். 1000-ஐ 230-ஆல் வகுத்தால் அது இழுக்கும் கரண்ட் ஏறத்தாழ 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் அதன் காயிலின் தடை ஏறத்தாழ 53 ஓம். நம்மைக் குழப்பும் அந்த இரு சூத்திரங்களும் இந்த இரண்டிலிருந்து பிறந்தவையே. ஆகவே அவை தமக்குள் முரண்பட முடியாது. முரண்படுவது போலத் தோன்றுவதற்குக் காரணம், தடையை மாற்றும்போது வேறு எது மாறாமல் நிற்கிறது என்று நாம் கேட்காமல் விடுவதுதான்.

வீட்டில் மாறாமல் நிற்பது வோல்டேஜ். எல்லாக் கருவிகளும் பக்க இணைப்பில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் அதே 230 வோல்ட் கிடைக்கிறது. 100 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை 529 ஓம். 2000 வாட் கீசரின் தடையோ வெறும் 26.5 ஓம். தடை குறைந்ததுதான் அதிகம் சுடுகிறது. இங்கே வகுத்தல் சூத்திரம் பேசுகிறது.

அந்தக் கீசரின் பிளக் பாயிண்டில் ஒரு லூஸ் கான்டாக்ட் இருக்கிறது என்று வையுங்கள். தடை அரை ஓம்தான். ஆனால் அது கீசருடன் தொடர் இணைப்பில் நிற்கிறது. எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது பெரிய தடையான கீசர். அந்தக் கரண்ட் முழுவதும் இந்த அரை ஓமையும் கடந்தாக வேண்டும். மொத்தத் தடை 27 ஓம், கரண்ட் சுமார் 8.5 ஆம்பியர். வர்க்கம் செய்து அரையால் பெருக்கினால் 36 வாட். கடைகளில் கிடைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். ஈயத்தை உருக்க அதுவே போதும். அதைவிட அதிகமான வெப்பம், பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் ஒரு சின்ன உலோக முனையில் குவிகிறது. சூட்டில் அந்த முனை கருத்து, அதன் தடை இன்னும் ஏறி, சூடும் இன்னும் ஏறுகிறது. அதே பாயிண்டில் 10 வாட் போன் சார்ஜரைச் செருகினால், அங்கே எழும் வெப்பம் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. "சார்ஜர் போட்டா ஒண்ணும் ஆகலையே, கீசர் போட்டா மட்டும் ஏன் கருகுது?" என்று வீட்டில் கேட்டால் இதுதான் பதில்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லூஸ் கான்டாக்ட் கரண்டைக் கூட்டவில்லை, 8.7-லிருந்து சற்றுக் குறைக்கிறது. அளவுக்கு மீறிய கரண்டைக் கண்டால் விழுகிற ட்ரிப்பர் சுவிட்ச், இதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. வெந்நீரும் வழக்கம்போல வரும். எனவே பிளக்கைப் பிடுங்கும்போது அதன் பின்கள் சுட்டாலோ, சாக்கெட் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, ட்ரிப்பர் விழவில்லையே என்று தைரியமாக இருந்துவிடக் கூடாது. மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

ஓம் தன் விதியை 1827-இல் நூலாக வெளியிட்டார். வெப்பத்துக்கும் தடைக்கும் உள்ள உறவை 1841-இல் வெளியிட்ட ஜூல், வெவ்வேறு கம்பிகளைத் தண்ணீரில் அமிழ்த்தி, அவற்றினூடே ஒரே கரண்டைச் செலுத்திப் பார்த்தார். கரண்ட் ஒன்றாக இருந்ததால்தான், தடை அதிகமான கம்பி அதிகம் சுட்டது. எதை நிலையாக வைத்தோம் என்ற கேள்வி அந்தச் சோதனையின் அமைப்பிலேயே இருக்கிறது. பாடத்தில் சூத்திரத்தோடு இந்தச் சோதனையையும் சொல்லிக்கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தடையும் எப்போதும் ஒரே எண்ணாக இருப்பதில்லை. அணைந்திருக்கும் 100 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் 529 ஓம் வராது. அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மீட்டர் பழுதில்லை. இழை வெண்சூடாகும்போதுதான் தடை அவ்வளவு ஏறுகிறது. வெப்பநிலை மாறாதிருந்தால் என்று ஓம் விதியில் ஒரு நிபந்தனை சேர்ப்பது இதனால்தான்.

லோ வோல்டேஜ் விஷயத்தில் இந்தக் கவனம் இன்னும் அவசியம். 230 வோல்ட் 180-ஆக இறங்கினால் கீசரின் கரண்டும் 6.8 ஆம்பியராக இறங்கும், திறன் சுமார் 1225 வாட்டாகும். தண்ணீர் சுட நேரம் பிடிக்கும். வேறு கெடுதல் இல்லை. பம்ப் மோட்டாரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அது வெறும் தடை அல்ல. சுமை குறையாதபோது வோல்டேஜ் இறங்கினால் அது கரண்டைக் கூட்டி இழுக்கும். கரண்ட் கால் பங்கு கூடினாலே காயிலில் எழும் சூடு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும், வர்க்கம் என்பதால். மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவதும் வாட் ஆகாது. அதைப் பவர் ஃபேக்டரால் மறுபடி பெருக்க வேண்டும். ஆகவே மாலையில் விளக்குகள் மங்கினால் கீசர் ஓடட்டும். அணைக்க வேண்டியது மோட்டாரை.